பதில் வராத பெயர்

டயாலிசிஸ் வார்டில் குரு என்றால் ஷமீமா டாக்டர்தான். சீடர் வைகுண்டத்துக்கு அவரைவிட ஒன்பது வயது கூடுதல். ஊரில் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் அவர்; சிறுநீரக மருத்துவம் படிக்க இங்கே வந்தார். வயசு கிடக்கட்டும்.

கடைசி அறையில் ஒரு தனி மிஷின். கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் உள்ளவர்களுக்கு மட்டும். நாலு வருஷமாக அதன் பக்கத்தில் படுக்கிறவர் மிக்கேல். விசைப்படகுக்காரர். வாரம் மூன்று நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். அப்புறம் எங்கே வாரக்கணக்கில் கடலில் தங்க?

“படகு சத்தம் கேட்டா காதைப் பொத்திக்கிடுதேன்” என்பார்.

அவருடைய அக்கா கிட்னி தருகிறேன் என்றுவிட்டாள். அன்றைக்குக் கடைசி ரிப்போர்ட்டும் வந்தது.

“பி வைரஸ் மருந்துல அடங்கியிருக்கு. அதே மாதிரி கல்லீரலைக் கெடுக்கிற சி வைரஸ் இல்லை. ஆபரேஷனுக்கு அனுப்பிடலாமா மேடம்?” என்றார் வைகுண்டம்.

“இல்லைன்னு யார் சொன்னது?”

“ரிப்போர்ட்தான். ரத்தத்துல அதுக்கு எதிர்ப்பொருள் இல்லை.”

“வைரஸைத் தேடினாங்களா?”

“வைரஸ் இருந்தா உடம்பு எதிர்ப்பொருள் செய்யும். அது இல்லைன்னா இதுவும் இல்லை. பாடம் அதுதானே?”

“நல்ல பாடம்.” ஷமீமா வருகைப் பதிவேட்டை நீட்டினார். “மிக்கேலைக் கூப்பிடுங்க சார். இங்கேருந்தே.”

கடைசி அறைக்குத் திரை போட்டிருந்தது. வைகுண்டம் இரண்டு தடவை கூப்பிட்டார். பதில் இல்லை.

“வீட்டுக்குப் போயிட்டார் போல.”

“அப்படியே எழுதுங்க.”

எழுதினார். ஷமீமா போய்த் திரையை விலக்கினார்.

மிக்கேல் படுத்திருந்தார். டயாலிசிஸ் முடிந்து ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. உதடு அசைந்தது. குனிந்தால்தான் கேட்டது.

“ரெண்டு தடவையும் இருக்கேம்னு சொன்னம்லா சார். உங்க காதுக்கும் ஒரு மிஷின் வைக்கணும்.”

வைகுண்டம் சிரிக்கவில்லை. ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

“டயாலிசிஸ்ல சோர்ந்த உடம்பு, வைரஸ் இருந்தும் எதிர்ப்பொருள் செய்யாம இருக்கலாம். வைரஸையே தேடுற டெஸ்டுக்கு அனுப்பறேன் மேடம். பத்து நாள் ஆகும்.”

மிக்கேலுக்குக் கேட்டுவிட்டது. “இருந்தா?”

“மருந்து இருக்கு. மூணு மாசம் முழுங்கணும்” என்றார் வைகுண்டம்.

“முதல்ல கிட்னியை வச்சிருங்களேன். பெறவு முழுங்குதேன்.”

“வச்சதும் உடம்போட காவலைக் குறைக்கிற மருந்து தருவோம். இல்லைன்னா கிட்னியை உடம்பு ஏத்துக்காது. ஒளிஞ்சிருக்கிறது அப்போ எழும்பும். கல்லீரலையும் கெடுக்கும், வச்ச கிட்னியையும் கெடுக்கும்.”

மிக்கேல் அவரை விட்டு ஷமீமாவைப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது.

“படகுல படுத்துத் தூங்கி நாலு வருஷம் டாக்டரம்மா. இன்னும் பொறுக்கச் சொல்லுதியளே.”

“உங்க அக்காகிட்ட தர்றதுக்கு ஒண்ணுதானே இருக்கு” என்றார் ஷமீமா.