தப்பினாலும் ஒரு புள்ளி

ததேயு வாயைத் திறந்தால், கடற்கரையில் காயப்போட்ட வலைகூட எழுந்து உட்கார்ந்து கேட்கும் என்பார்கள். இருபத்தெட்டு வருஷம் மெல்போர்னில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அங்கே ஆஸ்திரேலியக் கால்பந்தில் தான்தான் பெரிய கை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் ஊர்த் திருவிழாப் பந்தாட்டத்துக்கு மூன்று வருஷமாக ஒருத்தரும் அவரைக் கூப்பிடவில்லை. மனுஷனுக்கு அது பெரிய ஏக்கமாகிப் போனது.

இந்தத் தடவை விடுவதாக இல்லை. மன்றத்துக் கொட்டகையில் செயலாளர் கிளீட்டஸ் நோட்டீஸ் எழுதிக்கொண்டிருந்தான். ‘முதல் பந்தை உதைத்துத் தொடங்கி வைப்பவர்’ என்ற வரிக்கு எதிரே இடம் காலி. ததேயு புது வெள்ளை ஷூ பளபளக்க வந்து, அந்தக் காலி இடத்துக்கு நேரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அண்ணே, நீங்க ஆடினது நம்ம ஃபுட்பால் இல்லல்லா?” என்றான் வியாகுலம். ஊர் அணிக்கு கோல் காக்கிறவன். எதையும் லேசில் உள்ளே விடமாட்டான்.

“அது வேற மக்கா. பந்து பப்பாளிக்காய் மாதிரி நீளமா இருக்கும். கையாலயும் பிடிக்கலாம், காலாலயும் உதைக்கலாம். கோலுக்கு நாலு கம்பம். நடுவுல உள்ள ரெண்டுக்குள்ள போனா ஆறு புள்ளி. குறி தப்பி ஓரத்துல போனாலும் ஒரு புள்ளி குடுப்பான்.”

“தப்பினா புள்ளியா? நல்ல ஊருடே!”

“அந்த ஒத்தப் புள்ளி கறுப்பா செவப்பான்னே எனக்குத் தெரியாது. பத்தொம்பது வருஷத்துல ஒரு தடவ தப்பினது கெடையாது.”

கிளீட்டஸின் பேனா நின்றது. ததேயுவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. விட்டால் போச்சு என்று பிடித்துக்கொண்டார்.

“நான் டீமுல சேரவே இல்ல, பாத்துக்கிடுங்க. மீன் வாங்கிட்டு மைதானத்துக்கு வெளிய நடந்து போறேன். பந்து சுவரு தாண்டி வந்து முன்னால விழுது. கையில மீன் பை. காலால லேசா ஒரு தட்டுத் தட்டுனேன். உள்ள எழுவதாயிரம் பேரு எந்திரிச்சிட்டான்! மீன் பையோட என்னைத் தூக்கிட்டுப் போயி ஜெர்சிய மாட்டிட்டானுவ. அன்னைக்கு வீட்டுல ரசம்தான்.”

“சரி, அப்புறம்?”

“பறந்து வர்ற பந்த எட்டிப் பிடிச்சா அதுக்கு மார்க்குன்னு பேரு. எதிராளி தோளுல ஏறிக்கூடப் பிடிக்கலாம். ஒரே ஆட்டத்துல முப்பத்துநாலு மார்க் எடுத்தேன்!”

“அடடா, ஒரு மார்க்ல ஃபெயிலாப் போச்சே அண்ணே,” என்றான் வியாகுலம்.

கொட்டகையே சிரித்தது. ததேயுவுக்குச் சுருக்கென்றது.

“முப்பத்தஞ்சாவது மார்க்கக் கேளுல! ஆறரை அடி உசரக்காரன் ஒருத்தன். அவன் தோளுல மிதிச்சு ஒரு எம்பு எம்புனேன் பாரு, நேரா விமானத்து ஜன்னலுக்குப் போயிட்டேன். உள்ள இருந்த பொண்ணு, சைவமா அசைவமான்னு கேக்கா. அசைவம்னேன். கோழிக்காலு ஒண்ண முடிச்சு, கையத் தொடச்சிட்டு இறங்குதேன். ஏறினது காலையில, இறங்கினது மத்தியானம்.”

“பந்து?”

“கக்கத்துலதான்.”

“கங்காரு ஒண்ணும் ஆடலியா அண்ணே?”

“ஆடாம? எனக்குக் காயம் பட்டா இறக்கணும்னு வெளிய உக்கார வச்சிருந்தான். பாவம், எனக்குக் காயமே படல. அது உக்காந்தே கெழடாயிட்டு.”

இப்போது கிளீட்டஸே சிரித்துவிட்டான். ததேயு எழுந்து நின்றுகொண்டார். கையும் காலும் சேர்ந்து பேசின.

“கடைசி ஆட்டத்துல ஒரு உதை விட்டேன். பந்து கோலுக்குள்ள போச்சு, ஆறு புள்ளி. ஆனா நிக்கல. கடல் தாண்டி டாஸ்மேனியாவுக்குப் போயி, அங்க வேற ரெண்டு டீம் ஆடிட்டிருந்தான், அந்தக் கோலுக்குள்ளயும் போச்சு. அங்கயும் ஆறு புள்ளி! அந்த டீமுக்காரன் கப்பைத் தபால்ல அனுப்பினான்.

“நான் ஆட்டத்த நிறுத்துறேன்னு சொன்ன அன்னைக்கு நாடே அழுதுச்சு மக்கா. ஏழு வருஷம் வறண்டு கெடந்த அணை, அழுத கண்ணீருலயே நெறஞ்சு போச்சு.”

“கண்ணீருன்னா உப்புத் தண்ணியால்லா இருக்கும்?”

“அதான் இப்ப அங்க உப்பளம் போட்டுட்டான்!”

சிரிப்பு அடங்க நேரமானது. கிளீட்டஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘திரு. ததே’ என்பதுவரை எழுதினான். ததேயு எட்டிப் பார்த்தார். இன்னும் ஒரே எழுத்து.

“எழுதிருவோம் அண்ணே. அதுக்கு முந்தி ஒரே ஒரு உதை. ஆளில்லாத கோலு, பத்தடி தூரம். எல்லாரும் ஒருவாட்டி பாத்துக்கிடுதோம்,” என்றான் கிளீட்டஸ்.

ததேயுவுக்கு மாட்டேன் என்று சொல்ல வழியில்லை. மணலில் இறங்கினார். சிலுவை போட்டுக்கொண்டு ஓடி வந்து ஓங்கி ஒரு உதை விட்டார். வெள்ளை ஷூ கழன்று பறந்து கோல் வலைக்குள் விழுந்தது. பந்து நிதானமாக உருண்டு கம்பத்துக்கு வெளியே போய் நின்றது.

ததேயு ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே கொட்டகைக்கு ஓடி வந்தார்.

“தப்பலடே! எங்க ஆட்டத்துல இதுக்கு ஒரு புள்ளி உண்டுல்லா? மொதல்லயே சொன்னேனா இல்லியா?”

“சொன்னீங்க அண்ணே,” என்று கிளீட்டஸ் பேனாவை எடுத்தான். பாதியில் நின்ற பெயருக்குப் பக்கத்தில் அழுத்தி ஒன்று வைத்தான். “உங்களுக்கு ஒரு புள்ளி போட்டாச்சு.”

ததேயுவின் முகம் மலர்ந்தது. “அப்படிப் போடு! என்ன புள்ளி மக்கா?”

“முற்றுப்புள்ளி.”