ஒரே பட்டன் ஆப்

பயிற்சிக்கு வந்த அல்லி வரைந்த ஆப் டிசைனை முதலாளி பாராட்டியதிலிருந்து டீம் லீடர் கஜேந்திரனுக்கு வயிறு எரிந்தது.

"உன்னைத்தான் தலையில தூக்கி வெச்சு ஆடறாரே. எங்கே, ஒரே பட்டன்ல டிக்கெட், சாப்பாடு, கரண்ட் பில் எல்லாம் முடியற ஆப் பண்ணு. நாளைக்கு டெமோ. முடியலைன்னா நடையைக் கட்டு," என்றார் ஏளனமாக.

"சரிங்க சார்."

மறுநாள் டெமோவில் முதலாளி அல்லியின் ஆப் பட்டனை அழுத்தினார். கஜேந்திரனின் போன் அடித்தது.

"ஹலோ, யாருங்க?"

"நான்தான்யா, எதிர்ல உட்கார்ந்திருக்கேன்," என்ற முதலாளி அல்லியிடம் திரும்பினார். "என்னம்மா இது?"

"ஒரே பட்டன்ல எல்லா வேலையும் நடக்கணும்னு இவர்தான் சொன்னார் சார். இந்த ஆபீஸ்ல எல்லா வேலையும் தான் ஒருத்தரே செய்யறதா மாசாமாசம் உங்களுக்கு ரிப்போர்ட் அனுப்பறார். அதான் அவர் நம்பரையே போட்டுட்டேன்."

முதலாளி மறுபடி அழுத்தினார். "கஜேந்திரன், ரெண்டு தோசை. கையோட அல்லிக்கு வேலை ஆர்டரும் டைப் பண்ணிடுங்க."