நாற்சந்திக் குதிரை

கரட்டுப்பாளையம் நாற்சந்தியில் இரும்புக் குதிரை வைக்க, வெல்டிங் பட்டறை அஞ்சுகத்தைக் கூப்பிட்டார் நகராட்சித் தலைவர் தணிகாசலம்.

"நாலு தெருவும் என் ஓட்டு. எந்தத் தெருவுக்காவது குதிரை பின்பக்கத்தைக் காட்டிக்கிட்டே நின்னுச்சு, உன் பட்டறைக்குப் பூட்டுதான்!"

"ஆகட்டுங்கய்யா."

லாரி ஸ்பிரிங் பட்டைகளை வளைத்துக் குதிரை செய்தாள். காற்றைப் பிடிக்கத் தகர வாலை அகலமாக விரித்து, குதிரையைச் சுழலும் லாரிச் சக்கர பேரிங் மேல் ஏற்றிவிட்டாள்.

திறப்பு விழாவன்று நல்ல காற்று. குதிரை சுழன்று நாலு தெருவுக்கும் முகம் காட்டியது. காற்று யாருக்குக் கட்டுப்பட்டது? அடுத்த சுற்றில் பின்பக்கம் மேடையில் நின்ற தலைவருக்கு நேராக வந்தது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

"ஒரே பக்கமா நிறுத்துடி அதை!"

அஞ்சுகம் ஸ்பேனரோடு ஏறினாள். "இதோ இறுக்கிடறேங்கய்யா. பின்பக்கம் எந்தத் தெருவுக்குன்னு மட்டும் மைக்கிலே சொல்லிடுங்க."

நாலு தெரு சனமும் தலைவர் வாயையே பார்த்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லாத்தானே சுத்துது? சுத்தட்டும், விடும்மா!"