விடைகொடுத்தார் கோயிலில் நீர் இறைத்தவர்

கல்லாங்காட்டு ஓடைக்கரையில் இருக்கும் விடைகொடுத்தார் கோயிலுக்குக் கிணற்றில் நீர் இறைத்துக் கொடுப்பதே பொங்கியம்மையாரின் தொண்டு. பிள்ளை வரமோ கல்யாண வரமோ கேட்டு அங்கே யாரும் போவதில்லை. சாகவும் முடியாமல் பிழைக்கவும் முடியாமல் இழுத்துக்கொண்டு கிடப்பவர்களின் வீட்டார்தான் அழுதுகொண்டே வருவார்கள். ஒரு குடம் நீரை ஈசன்மேல் ஊற்றி, வழிந்ததில் ஒரு செம்பு கொண்டுபோய் நோயாளியின் வாயில் விட்டால் உயிர் நோகாமல் பிரியும். ஒரே ஒரு கட்டு உண்டு. கேட்கிற வீட்டார் கிணற்றுக் கயிற்றைத் தொடக் கூடாது. சொந்த மனிதரின் சாவைத் தன் கையாலேயே இறைத்த பாவம் யாருக்கும் வேண்டாமென்று வைத்த வழக்கம் அது.

அந்தப் பாவத்தையெல்லாம் அம்மையார் இறைத்தார். இருபத்தாறு வருஷம்! உள்ளங்கை இரண்டிலும் கயிறு அறுத்த தழும்பு. ஊர் நன்றி சொன்னதா? நல்ல கதை போங்கள்! கல்யாண வீட்டு வாசலில் அவரைக் கண்டால், "எழவுக்காரி வந்துட்டா" என்று கதவைச் சாத்தினார்கள். அம்மையார் முகம் சுளிக்கவில்லை. "அப்பனே, அவிகளுக்கு நோகாமப் பாத்துக்கோ" என்று ஒவ்வொரு குடத்துக்கும் சொல்லி இறைத்தார்.

அப்பேர்ப்பட்டவரின் கணவர் சென்னியப்பர் பனையிலிருந்து விழுந்து முதுகு முறிந்தார். ஐந்து மாதம் படுக்கை; முதுகெல்லாம் புண் வைத்துப் புழுத்துப்போயிற்று. "பொங்கி, அந்தத் தண்ணி எனக்கில்லியா?" என்று அவர் கேட்டதும் அம்மையார் எழுந்து தெருவுக்கு இறங்கினார்.

வீடு வீடாகப் போய் நின்றார். எவர் எவர் பெற்றோருக்கு இறைத்துக் கொடுத்தாரோ, அதே வீடுகள்தான்.

"ஒரே ஒரு கொடம் இறைச்சுக் குடுங்க சாமி."

"அந்தக் கவுத்தத் தொட்டா எங்க ஊட்லயும் எழவு உழுகும். போம்மா!"

பூசாரி மாரப்பரும் தலையைக் குனிந்துகொண்டார். "எம்பட மக நெறமாசமா இருக்கறாளுங்க்கா. நா எப்படித் தொடறது?"

சே, இதுவும் ஓர் ஊரா!

மறுநாள் விடியலில் அம்மையார் கிணற்றடிக்கு வந்தார். தானே இறைத்துவிடலாமா என்று கை கயிற்றுக்குப் போனது, தொடாமல் திரும்பியது. அந்நேரம் பார்த்து வெளியூர்க்காரர் ஒருவர், தாய்க்கு நீர் கேட்டு வந்து நின்றார். அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்பனே, அந்த ஆத்தாளுக்கு நோகாமப் பாத்துக்கோ" என்று சொல்லி அவருக்கு இறைத்தார்.

குடத்தோடு சன்னதிக்குப் போனார்கள். மாரப்பர் பூட்டைத் திறந்தவர் அலறிவிட்டார். ஈசன் ஏற்கெனவே நனைந்து நின்றார். பீடத்தில் ஒரு செம்பு, நீர் தளும்பத் தளும்ப. லிங்கத் திருமேனியில் கயிறு அறுத்த தழும்பு இரண்டு, செக்கச்செவேலென்று.

"அய்யோ, உன்ற கை நோவுமே சாமி!" என்று கதறி விழுந்தார் அம்மையார்.

அந்த நீரைக் குடித்த சென்னியப்பர், மனைவியின் மடியில் தலைவைத்து, முகம் கோணாமல் அடங்கினார். காரியம் முடிந்த மறுநாளே அம்மையார் மறுபடி கயிற்றைப் பிடித்தார். ஊர் தொட மறுத்த கயிற்றை ஈசனே வந்து தொடும்படி தொண்டு செய்த அந்தக் கைகளை நாமும் கும்பிடுவோம்.