“பெடல் எப்படி இருக்கு?”

“அன்னைக்குத் தப்பு காரா, நானா? அதை மட்டும் சொல்லுங்க வாத்தியாரே.”

இப்படித் திருப்பிக் கேட்டவர் டாக்டர் குலசேகரன். வயது ஐம்பத்தாறு. ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொண்டு ரேஸ் ட்ராக்குக்கு ஓடி வந்துவிடுவார்.

வாத்தியார் என்றதும் தாடியும் தடியும் தேட வேண்டாம். பிலோமினாவுக்கு வயது முப்பத்திரண்டு. கையில் ஸ்பேனர். அந்த ட்ராக்கில் பிரேக் வேலை என்றால் அவள்தான், அதனால் அந்தப் பெயர்.

போன மாதம் நேர்ப்பாதை முடிகிற வளைவில் டாக்டரின் பிரேக் பெடல் தரை வரைக்கும் போய்விட்டது. கார் ட்ராக் ஓரத்து ஜல்லியில் இறங்கிப் புதைந்து நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

பக்கத்து சீட்டில் இருந்தது அவருடைய மகள் மிருதுளா.

“அன்னையிலேர்ந்து நான் ஓட்டினா ஏற மாட்டேங்கிறா. வீட்டுக் கார்லகூட. காலேஜுக்கு பஸ்ல போறா. இன்னைக்குக் கெஞ்சிக் கூத்தாடி இங்க வரச் சொல்லியிருக்கேன். கார்தான் கோளாறுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

பிலோமினா பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். பிரேக்கில் ஆயிலையும் காற்றையும் வெளியே விடுகிற சின்ன நிப்பிளில் ஒரு ட்யூபை மாட்டி, மறுமுனையை ஒரு பாட்டிலுக்குள் விட்டாள்.

“ஏறி உட்காருங்க சார். அமுக்குன்னா அமுக்கணும். பிடின்னா பிடிக்கணும். விடுங்கன்னு சொல்ற வரைக்கும் விடக் கூடாது.”

டாக்டர் அமுக்கினார். ட்யூபில் பிரேக் ஆயில் கலங்கலாக வந்தது. கூடவே குமிழ்.

“இது எப்ப ஊத்தினது?”

“போன தடவை வர்றதுக்கு முந்தின நாள். நானே ஊத்தினேன். இருக்கறதுலயே ஒசந்த சரக்கு.”

“டப்பாவை எப்ப திறந்தீங்க?”

“அது... போன வருஷம் மழைக்காலத்துல.”

“அடக் கடவுளே! திறந்த டப்பா காத்துல இருக்கற ஈரத்தையெல்லாம் குடிச்சிடும் சார். பிரேக் சூடானா அந்தத் தண்ணி கொதிச்சு ஆவியாயிடும். அப்புறம் எங்க பிடிக்கும்?”

டாக்டர் முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப கார்தான்!”

“அமுக்குங்க.”

புது டப்பா உடைத்தார்கள். ஒவ்வொரு சக்கரமாக வந்தார்கள். அமுக்கு, பிடி, விடு. அமுக்கு, பிடி, விடு. ஒன்பது மணிக்கு ட்ராக்கின் சோதனைக்காரர்கள் காரைப் பார்க்க வருவார்கள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மிதித்தார்.

கடைசிச் சக்கரம். நிப்பிளை மூடின பிறகுதான் “விடுங்க” என்று சொல்ல வேண்டும். பிலோமினா மூடாமலே சொன்னாள். வேண்டுமென்றேதான். உள்ளே கொஞ்சம் காற்று போனது; காற்று இருந்தால் பெடல் இறங்கும். அதற்கப்புறம் மூடினாள். டாக்டருக்கு இது தெரியாது.

“ஒரே ஒரு தடவை அமுக்குங்க. பெடல் எப்படி இருக்கு?”

“கல்லு மாதிரி இருக்கு!”

பிலோமினா எழுந்து ஜன்னல் பக்கம் வந்தாள்.

“ஒரு தடவைதானே சொன்னேன். மூணு சத்தம் கேட்டுச்சே?”

“முதல்ல லேசா இறங்குச்சு. இன்னும் ரெண்டு மிதி மிதிச்சேன், ஏறிடுச்சு. இப்ப நல்லாத்தானே இருக்கு?”

“அன்னைக்கு எத்தனை மிதி சார்?”

டாக்டர் பெடலிலிருந்து காலை எடுத்தார்.

வெட்கம் பிடுங்கித் தின்றது அவரை. கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார்.

“முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாமா?” என்றார்.

ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை அவள் சொன்ன பிறகுதான் அவர் கால் அசைந்தது. மூன்றாவது தடவை மிதித்ததும் பெடல் லேசாக இறங்கியது.

“இன்னும் இறங்குது” என்றார்.

“சரி, மறுபடி.”

பெடல் இறங்காமல் நின்றபோது மணி ஒன்பதே கால். அதற்குள் சோதனைக்காரர்கள் வந்து, வேலை முடியாததைப் பார்த்துவிட்டு அடுத்த காருக்குப் போய்விட்டார்கள். அவர்களை அவர் கவனிக்கவே இல்லை.

மிருதுளா ஆட்டோவில் வந்து இறங்கினாள். காரைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“என்னக்கா கோளாறு?” என்று பிலோமினாவிடம் கேட்டாள்.

பிலோமினா கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவ்வளவு அழுக்கு அந்தக் கையில் இல்லை.

டாக்டர் காரிலிருந்து இறங்கினார்.

“ஆயில் கெட்டுப்போயிருந்துச்சு. ஆனா, மிருது... அன்னைக்கு முந்தின ரவுண்டுலயே பெடல் இறங்குச்சும்மா. எனக்குத் தெரியும். மிதிச்சு மிதிச்சு ஏத்திக்கிட்டேன். என்னப்பான்னு நீ கேட்டே. ஒண்ணுமில்லைன்னுட்டேன்.”

மிருதுளா அவரையே பார்த்தாள்.

“உங்க காலைப் பார்த்துட்டுத்தான்பா கேட்டேன்.”

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவள் கையை நீட்டினாள்.

“ஹெல்மெட்டைக் குடுங்க.”