ஏழு மணி விலங்கு

“மூன்று மாதங்களாக ஒரு நீர்நாய்கூடப் படத்தில் விழவில்லை, ஆசானே” என்றார் வனச்சரகர் அறிவாழி.

ஆசான் என்று அவர் அழைத்தது வனக்காவலர் ஈச்சனை. ஈச்சன் அவரைவிட இருபது வயது இளையவர். பதவியிலும் மிகத் தாழ்ந்தவர். ஆயினும் காட்டுக்குள் நுழைந்துவிட்டால் அறிவாழிக்கு அவரே ஆசான்.

மூங்கிலோடையின் கரையிலுள்ள நாணற்புதரை வெட்டிவிட்டு, அங்கே சுற்றுலாக் குடில்கள் கட்ட மேலிடம் எண்ணியிருந்தது. அரிய நீர்நாய்கள் அங்கு வாழ்கின்றன என்று அறிவாழி எழுதினார். சான்றாக ஒரு படம் அனுப்புமாறு பதில் வந்தது. தவணை முடியப் பதினைந்து நாள்களே இருந்தன.

ஓடைக்கரை மரத்தில் அவர் ஒரு தானியங்கிக் கேமராவைக் கட்டியிருந்தார். எதிரே எது அசைந்தாலும் அது படமெடுக்கும்.

ஈச்சன் படங்களைக் கேட்டு வாங்கினார். ஒன்றையும் விடாமல் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மலர்ந்தது.

“ஒரு பெரிய விலங்கு தவறாமல் வருகிறதே, ஐயா.”

“எங்கே?”

“காலை ஏழு மணிக்கு வருகிறது. கேமராவை உற்றுப் பார்க்கிறது. பிறகு பாறையில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக்கொள்கிறது.”

அறிவாழி எட்டிப் பார்த்தார்.

தொப்பியோடு அறிவாழி. தொப்பியின்றி அறிவாழி. நுரைக்குள் அறிவாழி. தொண்ணூற்றொரு நாள்கள்.

“கேமரா ஓடுகிறதா என்று பார்க்கத்தான் போனேன்” என்றார் மெல்ல.

“ஓடுகிறது, ஐயா. நன்றாகவே ஓடுகிறது.”

இனி என்ன செய்வதென்று அறிவாழி கேட்டார்.

ஈச்சன் வாசலில் கிடந்த அறிவாழியின் பூட்ஸை எடுத்தார். இரண்டையும் சேர்த்து முடிந்து, முகாம் அடுக்களையின் உத்திரத்தில் உயரத் தொங்கவிட்டார். பிறகு ஒரு கூடை மரவள்ளிக்கிழங்கையும் கத்தியையும் அவர்முன் வைத்தார்.

பதின்மூன்று நாள்கள் அறிவாழி கிழங்கு உரித்தார், கோப்புகளைப் பார்த்தார். ஏழு மணி ஆனதும் உத்திரத்தை அண்ணாந்து பார்த்தார். ஈச்சன் அதைக் காணாதவர்போல் கஞ்சியைக் கிண்டினார்.

பதினான்காம் நாள் ஈச்சன் ஓடைக்குச் சென்று படங்களை எடுத்துவந்தார்.

அதே பாறை. அதன்மேல் ஒரு நீர்நாய் நண்டைக் கடித்துக்கொண்டிருந்தது. அறிவாழி மறந்துவிட்டு வந்த சோப்புப் பெட்டியை இரண்டு குட்டிகள் உருட்டிக்கொண்டிருந்தன.

அறிவாழி வாய்விட்டுச் சிரித்தார். படம் அன்றே மேலிடத்துக்குப் போயிற்று.

குடில்கள் கைவிடப்பட்டன என்று ஆணை வந்த காலையில், ஈச்சன் ஏணியைச் சாத்திப் பூட்ஸை இறக்க ஏறினார். மணி ஏழு.

“அது அங்கேயே இருக்கட்டும், ஆசானே” என்ற அறிவாழி கத்தியைக் கையிலெடுத்தார்.

“கிழங்கு எங்கே?”