முதலாளி முகத்தில் மடிப்பு

ஜவுளிக்கடை குற்றாலிங்கம் என்றால் ஊரில் உள்ள அச்சகங்களுக்கெல்லாம் நடுக்கம். ஆடித் தள்ளுபடி நோட்டீஸுக்கு அவர் ஒரு உத்தரவு போட்டார். தாள் முழுக்கத் தன் முகம் இருக்க வேண்டும், அதை மூன்றாக மடித்துத் தர வேண்டும், ஆனால் முகத்தில் ஒரு மடிப்புகூட விழக்கூடாது. முடியாதென்றால் வருஷ ஆர்டர் மொத்தமும் வேறு அச்சகத்துக்குப் போய்விடும்.

அச்சக முதலாளி அவர் முகத்தை மாதிரிக்கு ஒரு தாளில் அச்சடித்து எடுத்தார். அங்கே தாள் மடிக்கும் பேச்சித்தாய் எழுந்து வந்து, அந்த முகம் அச்சடித்த தாளையும் ஒரு பென்சிலையும் குற்றாலிங்கத்திடம் நீட்டினாள்.

“ஐயா, மூணா மடிச்சா ரெண்டு கோடு விழத்தான் செய்யும். எங்கெங்க விழலாம்னு நீங்களே போட்டுக் குடுங்க. அதே கோட்டுல மடிச்சிடுறேன்.”

“இதுகூடத் தெரியாதா?” என்று அவர் பென்சிலை வாங்கினார். நெற்றிக்குக் கொண்டுபோனார், அங்கே திருநீறு இருந்தது. மூக்குக்கு இறக்கினார், மனசு வரவில்லை. மீசையைத் தாண்டிக் கழுத்துக்கு வந்ததும் கை தானாக நின்றுவிட்டது.

“என் முகத்தை மூலையில சின்னதாப் போடுங்க. தாள் முழுக்கப் பட்டுப்புடவை இருக்கட்டும்.”

“அப்போ புடவை மேல மடிப்பு விழுமே, ஐயா.”

“புடவைன்னா மடிச்சுத்தாம்மா இருக்கும். முப்பது வருஷமா விக்கிறேன், எனக்கா தெரியாது?”

“அதான் பென்சிலை உங்ககிட்டயே குடுத்தேன்” என்றாள் பேச்சித்தாய்.